கர்ப்பகால ‘டார்ச்’ பரிசோதனைத் தொகுப்பு: வாங்குமுன் அறிய வேண்டியவை

கர்ப்பிணிகளுக்கென்று தனியார் பரிசோதனைக்கூடங்கள் விற்கும் தொகுப்புகளுள், கருவைத் தாக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் ‘டார்ச்’ என்ற பத்து வரிப் பரிசோதனை தமிழ்நாட்டில் பரவலாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. முதல் கரு கலைந்துபோன பெண் மறுபடி கருத்தரித்தால், மற்ற பரிசோதனைகளோடு இதற்கான சீட்டும் கைக்கு வந்துவிடுவதைப் பல குடும்பங்களில் காணலாம். என் தங்கைக்கும் இரண்டாவது கர்ப்பத்தின் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பணம் கட்டி, வீட்டிலேயே ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்து, அறிக்கை பெறும்வரை உடனிருந்து பார்த்தேன். சேவையில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் விற்கப்படும் பொருளில் பாதிக்கு மேல் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்குத் தேவையற்றது என்பதும், தேவையான பகுதியையும் விளக்கம் இல்லாமல் கையில் திணிப்பது தவறு என்பதும் என் உறுதியான கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் அவை நஞ்சுக்கொடி எப்படி வேலை செய்கிறது என்பதோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தவை.

முதலில், என்ன விற்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ருபெல்லா வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் வைரஸின் முதல் வகை, இரண்டாம் வகை ஆகிய ஐந்துக்கும் எதிராகத் தாயின் ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற இருவகை எதிர்ப்புரதங்களை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களை, அளக்கிறார்கள்; பொதுவாக முன்னது பழைய தொற்றையும் பின்னது புதிய தொற்றையும் குறிக்கும். ஆக மொத்தம் பத்து வரிகள். இந்தக் கிருமிகளை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரே நாமியாஸ். 1970களின் தொடக்கத்தில் அவர் இப்படித் தொகுத்ததன் நோக்கம், பிறந்த குழந்தையிடம் ஏறக்குறைய ஒரே மாதிரி அறிகுறிகளைக் காட்டும் தொற்றுகளை மருத்துவர்கள் ஒருங்கே நினைவில் கொள்ள வேண்டும் என்பதுதான். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்காக உருவான அந்தப் பட்டியல், நலமாக இருக்கும் கர்ப்பிணியிடம் விற்கும் தொகுப்பாக மாறியது பிற்காலத்து வளர்ச்சி. தொகுப்பின் பெரும்பாலான குறைகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ரத்தம் எடுக்கும் சேவை நன்றாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு வந்த பெண், தங்கையின் பெயரையும் வயதையும் அவள் வாயாலேயே சொல்லக் கேட்டுச் சீட்டோடு சரிபார்த்த பிறகே குழாயில் பட்டைக்குறி ஒட்டினார். புதிய ஊசியை எங்கள் கண்ணெதிரே பிரித்தார். குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார். “வெறும் வயிறா இருக்க வேண்டியதில்லைக்கா, சாப்பிட்டுட்டே குடுக்கலாம்” என்று அவர் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தது, காலையில் வாந்தியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த என் தங்கைக்கு உண்மையில் பேருதவியாக இருந்தது. கட்டணம் மூவாயிரம் ரூபாயை நெருங்கியது.

அறிக்கை அன்றிரவே கைப்பேசிக்கு வந்தது. குறை அதில்தான் இருக்கிறது. ருபெல்லா ஐ.ஜி.ஜி. நேர்மறை என்பது தடித்த எழுத்தில் இருந்தது. சைட்டோமெகலோ ஐ.ஜி.ஜி., முதல் வகை ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. ஆகியவையும் நேர்மறையாகி அதே தடித்த எழுத்தில் இருந்தன. அவற்றுக்கிடையே, சைட்டோமெகலோ ஐ.ஜி.எம். ‘எல்லைக்கோட்டு நிலை’ என்று இன்னொரு தடித்த வரி. பழைய தொற்றால் உடல் பெற்ற பாதுகாப்பு என்ற நல்ல செய்தியும், புதிய தொற்றாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் படிப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்படி அந்தப் பக்கம் அச்சிடப்பட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி. தமிழில் ஒரு சொல்லும் இல்லை. உதவி எண்ணை அழைத்தபோது, மருத்துவரைப் பாருங்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்ல அங்கிருந்தவருக்கு அனுமதி இல்லை. “ஏம்மா, இது பிள்ளைக்கு இறங்கியிருக்குமா?” என்று தங்கையின் மாமியார் என்னிடம் கேட்டார். மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய அறிக்கை பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வி அதுதான். அந்தப் பத்து வரிகளில் எந்த வரியாலும் அதற்குப் பதில் சொல்ல இயலாது.

ஏன் இயலாது என்றால், எதிர்ப்புரதம் தாயின் உடல் ஒரு கிருமியைச் சந்தித்த வரலாற்றை மட்டுமே சொல்கிறது. ஐ.ஜி.எம். புதிய தொற்றின் அடையாளம் என்று பாடப்புத்தகம் சொன்னாலும், அது சிலருக்குப் பல மாதங்கள் வரை, டாக்சோபிளாஸ்மாவில் ஓராண்டுக்கு மேலும்கூட, ரத்தத்தில் தங்கிவிடுகிறது. வேறொரு தொற்றின் எதிர்ப்புரதம் குறுக்கே வந்து பொய்யான நேர்மறையைக் காட்டுவதும் உண்டு. அதைவிட முக்கியமானது, தாய்க்கு உண்மையிலேயே புதிய தொற்று வந்திருந்தாலும் கிருமி குழந்தையை அடைந்தேயாக வேண்டும் என்பதில்லை. இடையில் நஞ்சுக்கொடி இருக்கிறது. இந்தத் தொகுப்பை வாங்கும் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத பகுதி இதுவே.

நஞ்சுக்கொடிக்குள் தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதில்லை. கிளைத்துக் கிளைத்து நீளும் நுண்ணிய விரல்களுக்குள் சிசுவின் ரத்தநாளங்கள் ஓடுகின்றன. அவ்விரல்களைச் சுற்றித் தாயின் ரத்தம் பாய்கிறது. விரல்களைப் போர்த்தியிருக்கும் வெளியுறைக்கு சின்சிசியோட்ரோஃபோபிளாஸ்ட் என்று பெயர். எண்ணற்ற செல்கள் ஒன்றோடொன்று கரைந்து, செல்லுக்குச் செல் எல்லையே இல்லாமல், தையல் இல்லாத ஒரே துணியைப் போல அது முழு நஞ்சுக்கொடியையும் மூடியிருக்கிறது. பிரசவ காலத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மீட்டர். குடலிலும் மூச்சுப்பாதையிலும் இரு செல்களின் இடுக்கு வழியாக நுழையக்கூடிய கிருமிக்கு இங்கே இடுக்கே கிடையாது. உறையின் மேற்பரப்புக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் அடர்ந்து பின்னப்பட்டிருப்பதால், லிஸ்டீரியா பாக்டீரியாவும் டாக்சோபிளாஸ்மாவும்கூட அதைத் துளைத்துச் செல்வது கடினம். இந்தச் செல்களை ஒன்றாக இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம் ஒரு வைரஸிடமிருந்து வந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நம் மூதாதையரின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸின் உறைப் புரதம், இன்று வைரஸ்களைத் தடுக்கும் சுவரைக் கட்டப் பயன்படுகிறது.

சுவர் மட்டுமே காவல் என்று நினைத்துவிடக் கூடாது. உடலின் மற்ற செல்கள் பொதுவாக வைரஸ் தாக்கிய பிறகுதான் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. நஞ்சுக்கொடியின் உறையோ தாக்குதல் எதுவும் இல்லாதபோதே, எந்நேரமும், லாம்டா வகை இன்டர்ஃபெரானைச் சுரந்துகொண்டிருக்கிறது. சிகா வைரஸ் உலகை அச்சுறுத்திய 2016ஆம் ஆண்டில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கரோலின் கோய்னும் அவருடைய குழுவினரும், பிரசவத்துக்குப் பின் பெற்ற மனித நஞ்சுக்கொடிகளிலிருந்து பிரித்த செல்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள். அச்செல்கள் சிகாவுக்கு இடம் கொடுக்கவில்லை. அவை வளர்ந்த திரவத்தை வேறு செல்களின்மீது ஊற்றியபோது அவையும் சிகாவை எதிர்த்து நின்றன. அதற்கு முன்பே, 2013இல், அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னொரு ஆயுதத்தையும் கண்டிருந்தார்கள். மனிதனும் குரங்கினமும் மட்டுமே பெற்றிருக்கும், 19ஆம் குரோமோசோமில் கொத்தாக அமைந்த நுண் ஆர்.என்.ஏ.க்களை நஞ்சுக்கொடி சிறு பைகளில் அடைத்து வெளியே அனுப்புகிறது. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் செல்கள் தமக்குள் புகுந்த வைரஸைத் தாமே செரித்து அழிக்கும் செயலை முடுக்கிவிடுகின்றன. எதிர்ப்புரதம் உருவாகக் காத்திருக்காமல், இன்ன கிருமி என்று அடையாளம் காணாமலேயே இயங்கும் இந்த உள்ளார்ந்த எதிர்ப்புத் திறனும், கர்ப்பிணிக்குச் சளி, காய்ச்சல் என்று வந்துபோகும் எத்தனையோ வைரஸ்கள் சிசுவைத் தொடாமல் போவதற்கு ஒரு காரணம்.

இந்தக் காவலிலும் ஓர் அளவு இருந்தாக வேண்டும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வில், சிகா தொற்றின்போது முதல் வகை இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பி இருந்த கருக்கள் அழிந்தன. ஏற்பி இல்லாத உடன்பிறப்புக் கருக்கள், அவற்றில் வைரஸ் கூடுதலாக இருந்தும், பிழைத்தன. இன்டர்ஃபெரானின் தூண்டலால் உருவாகும் சில புரதங்கள், மேலே சொன்ன சின்சிட்டின் வழிச் செல் இணைப்பையே தடுத்துவிடுகின்றன என்று அதற்கடுத்த ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தினர் காட்டினார்கள். வைரஸின் நேரடித் தாக்குதலால் மட்டுமல்லாமல், அதற்கு எதிராகக் கருவும் நஞ்சுக்கொடியும் காட்டும் மிகையான எதிர்வினையாலும் கருவுக்குக் கேடு வரலாம் என்பதே இவற்றின் பொருள்.

இவ்வளவு காவலையும் மீறிச் சில வைரஸ்கள் உள்ளே செல்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேரூன்றும் இடங்களில் அந்த ஒற்றை உறை கிடையாது. அங்கே தனித்தனிச் செல்கள் தாயின் திசுவுக்குள் ஊடுருவிச் செல்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் அந்தச் செல்களில் பெருகக்கூடியது. தாயின் ஐ.ஜி.ஜி. எதிர்ப்புரதத்தைக் குழந்தைக்குக் கடத்தும் வாயில் வழியாகவே, பிணைப்பு வலுவில்லாத எதிர்ப்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அது கடக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிகா, நஞ்சுக்கொடியின் விரல்களுக்குள் வாழும் ஹாஃப்பாவர் என்ற காவற்செல்களிலேயே குடியேறுகிறது. ருபெல்லா அங்குள்ள ரத்தநாளங்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சைட்டோமெகலோ வைரஸ் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தொற்றினால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது சிசுவைச் சென்றடைகிறது. இதையே மறுபுறம் திருப்பிச் சொன்னால், அபாயம் மிகுந்தது என்று எல்லோரும் அஞ்சும் அந்த வைரஸையும் மூன்றில் இரண்டு கர்ப்பங்களில் நஞ்சுக்கொடி தடுத்து நிறுத்திவிடுகிறது. அறிக்கையைப் படித்து இரவெல்லாம் கண்விழித்த ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

தங்கையின் மருத்துவர் மறுநாள் இதைப் பொறுமையாகவே விளக்கினார். ஐ.ஜி.ஜி.யின் பிணைப்பு வலுவை அளக்கும் ‘அவிடிட்டி’ பரிசோதனையைச் செய்யச் சொன்னார். தொற்று புதிதானால் பிணைப்பு தளர்வாக இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல இறுகும். பரிசோதனைக்கூடம் ஏற்கெனவே எடுத்த ரத்தத்தின் மீதியைப் பாதுகாத்து வைத்திருந்ததால் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. இதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். பிணைப்பு வலுவாக இருப்பதாக முடிவு வந்தது. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே வலுவாக இருந்ததால், தொற்று கருத்தரிப்பதற்கு முன்பே வந்து போனது என்று மருத்துவர் உறுதிப்படுத்தினார். இந்தியப் பெண்களில் பெரும்பான்மையோர் சைட்டோமெகலோ வைரஸைச் சிறுவயதிலேயே சந்தித்துவிட்டவர்கள் என்பதால், இத்தகைய முடிவே பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கது. ஒருவேளை முடிவு வேறாக இருந்திருந்தால், சிசுவுக்குத் தொற்று உண்டா என்பதைத் தாயின் ரத்தத்தில் தேடிப் பயனில்லை. 21ஆம் வாரத்துக்குப் பின், தொற்று நேர்ந்து குறைந்தது ஆறு வாரமாவது கழிந்த நிலையில், பனிக்குட நீரை எடுத்து அதில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

இனி, கொடுத்த காசுக்கு வரி வரியாக மதிப்பிடலாம். ருபெல்லா ஐ.ஜி.ஜி. மட்டுமே முழு மதிப்புள்ளது. சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி 1941இல் எழுதி, அவர்களில் பெரும்பாலானோரின் தாய்மாருக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். கர்ப்பிணிக்கு வரும் ஒரு வைரஸ் காய்ச்சல் கருவைச் சிதைக்கும் என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. முதல் 12 வாரங்களில் ருபெல்லா வந்தால் பாதிப்பு 90 விழுக்காடு வரை செல்லக்கூடும். நஞ்சுக்கொடியின் காவல் இங்கே பெரிதும் தோற்றுப்போகிறது. தடுப்பூசியோ நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகத் தொடங்கியது. அப்போது அந்த வயதைக் கடந்திருந்த பெண்கள் முகாமில் இடம்பெறவில்லை. இன்று குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் பலர் அவர்களே. ஆனால் உயிருள்ள வைரஸைக் கொண்ட அந்தத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. ஆகவே, கர்ப்பமான பிறகு விற்கும் தொகுப்பில் இந்த வரி வருவதைவிடத் திருமணத்தை ஒட்டியோ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ தனியாகச் செய்வதே பயன் தரும்.

ஹெர்பிஸின் நான்கு வரிகளும் வீண் செலவு. பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ஹெர்பிஸில் பெரும்பகுதி பிரசவப் பாதையில் தொற்றுவது. அதைக் கண்டுகொள்ள வேண்டியது பிரசவ நேரத்துப் புண்களைப் பார்க்கும் மருத்துவரின் கண். டாக்சோபிளாஸ்மாவும் சைட்டோமெகலோவும் காய்ச்சல், கழலை வீக்கம், ஸ்கேனில் தெரியும் மாற்றம் போன்ற காரணம் இருந்தால் தனியே கேட்க வேண்டியவை. தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேட இந்தத் தொகுப்பு உதவாது, அதற்காக இதை வழக்கமாகச் செய்வதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான அரச கல்லூரி தன் வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. என் தங்கைக்கோ ஒரே ஒரு கருச்சிதைவுக்குப் பிறகே இது எழுதப்பட்டது.

விலை உயர்ந்த இந்தத் தொகுப்பில் இல்லாதவையும் கவனிக்கத்தக்கவை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் ஆகிய மூன்றும் இதில் கிடையாது. தெரிந்துவிட்டால் உடனே செயல்பட்டுக் குழந்தையைக் காக்க முடிகிற தொற்றுகள் இவை: முதலாவதற்குத் தாய்க்கு மாத்திரை, இரண்டாவதற்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி, மூன்றாவதற்குப் பென்சிலின். இந்த மூன்றுக்கான பரிசோதனைகளும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. சிகாவும் தொகுப்பில் இல்லை. 2021 ஜூலையில் திருவனந்தபுரம் பகுதியில் ஒரு கர்ப்பிணிக்குச் சிகா உறுதியானதையும், அதைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்வதையும் நினைத்தால், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கொசுவலைக்குச் செலவிடும் பணம் இதைவிடப் பயனுள்ளது.

பரிசோதனைக்கூடத்துக்கு என் கோரிக்கைகள் எளியவை. ஐ.ஜி.ஜி. நேர்மறையையும் ஐ.ஜி.எம். நேர்மறையையும் ஒரே தடித்த எழுத்தில் அச்சிடாதீர்கள். தாயின் ரத்தத்தில் எதிர்ப்புரதம் இருப்பது சிசுவுக்குத் தொற்று என்பதைக் காட்டாது என்று அறிக்கையின் தலைப்பகுதியில் தமிழில் ஒரு வரி சேருங்கள். ஐ.ஜி.எம். எல்லைக்கோட்டிலோ அதற்கு மேலோ இருந்தால், அவிடிட்டி அளவையும் சேர்த்துப் பார்த்த பிறகு, மருத்துவர் வழியாக அறிக்கையைக் கொடுங்கள். இரவு பத்து மணிக்குக் கர்ப்பிணியின் கைப்பேசிக்கு நேரடியாக அனுப்பாதீர்கள்.

வாங்க நினைப்பவர்கள், மருத்துவர் குறிப்பிட்ட காரணம் ஏதும் சொல்லாமல் எழுதியிருந்தால், எதற்காக என்று ஒருமுறை கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் நிலையில் இருப்பவர்கள் முழுத் தொகுப்பை விட்டுவிட்டு ருபெல்லா ஐ.ஜி.ஜி.யை மட்டும் கேட்கலாம். அதைத் தனியாகவும் செய்து கொடுக்கிறார்கள், கட்டணமும் தொகுப்பைவிடக் குறைவு. எதிர்ப்பு இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம்.